ஆமைக்குஞ்சின் மேல் கவிழ்த்த கூடை

நேற்று நீங்கள் இருவரும் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "அப்பா, இதுக்கு எண்ணெய் தேய்க்கட்டுமா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் சின்னவன் அழுதுவிட்டான். அதட்டியதற்குக் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த நாலு எழுத்து இதற்காவது உதவட்டும்.

நம் வீட்டுக்கு முதல் ஆமை வந்தபோது நீங்கள் பிறக்கவில்லை. அதைக் கொடுத்ததும் அதே பக்கத்து வீட்டில் இருக்கும், கிரியோல் மொழி பேசுகிற அம்மாள்தான். அவர் முற்றத்தில் அப்போதே பெரிய ஆமைகள் கல்லைப்போலக் கிடக்கும். தொர்த்தி, தொர்த்தி என்று ஆமைக்கு அவர்கள் சொல்லும் பேரால் கூப்பிட்டு அவற்றுக்குக் கீரை போடுவார். குஞ்சு பொரித்தபோது ஒன்றைத் தகரக் குவளையில் போட்டு உங்கள் சின்ன அக்காவிடம் கொடுத்தார். அவள் அப்போது பல் விழுந்த பிள்ளை. குஞ்சு பாதிக் கொய்யாப்பழம் அளவுதான் இருந்தது.

உங்கள் அம்மா வாசலிலேயே மறித்தாள். "ஆமை வீட்டுக்கு ஆகாதுங்க. பார்த்தவங்க என்ன சொல்லுவாங்க?"

"அதெல்லாம் பழைய பேச்சு" என்று நான் பெரிய படிப்பாளி மாதிரிச் சொன்னேன்.

அந்த வாரமே ரிவியேர் டு ராம்பார் ஊரிலிருந்து பெரிய அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேச ஆள் வந்தது. சொந்தக் கரும்புத் தோட்டம் உள்ளவர்கள், கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பவர்கள். என் படிப்பெல்லாம் அன்றே பறந்துபோயிற்று. ஆமை இருக்கிற வீட்டில் பெண் எடுப்பார்களா? குஞ்சை எடுத்துப்போய் மாட்டுக் கொட்டிலின் இருட்டு மூலையில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டிக்குள் விட்டேன். அடியில் கரும்புச் சோகை போட்டேன், மேலே சாக்கை மூடினேன். உங்கள் அம்மாகூட, "பாவம், இவ்வளவு வேண்டாம்" என்றாள். நான் கேட்கவில்லை.

சின்ன அக்கா பள்ளிவிட்டு வந்ததும் கொட்டிலுக்கு ஓடுவாள். சனிக்கிழமை அம்மா அவள் தலையில் எண்ணெய் வைத்தால், கையில் ஒட்டிய மிச்சத்தை ஆமைக்கும் தேய்ப்பாள். ஓடு நனைந்த கூழாங்கல்லாக மின்னும். "பார், எவ்வளவு ஆரோக்கியம்!" என்று நானும் மெச்சினேன். அந்த மினுமினுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெயில் சாணித் தூள் ஒட்டியது. சோகை மாட்டு மூத்திரத்தில் ஊறிக் கிடந்தது.

மழை விட்ட ஒரு நாள் அவள் குஞ்சை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். "அப்பா, கழுத்துல வெங்காயத் தோல் மாதிரி இருக்கு."

அழுக்கு என்று நினைத்து நகத்தால் உரித்தேன். உரித்த இடம் செக்கச்செவேல் என்று இருந்தது. குஞ்சு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பெருவிரலை வைத்தேன். தீப்பெட்டியை அமுக்கினாற்போல ஓடு உள்ளே போயிற்று.

"செத்துப்போயிடுமாப்பா?"

"போகாது" என்றேன். என்ன தெரிந்து சொன்னேனோ!

கொடுத்தவரிடமே கேட்கலாம் என்றாள். எனக்குக் கால் வரவில்லை. ஆசையாகக் கொடுத்ததை இப்படி ஆக்கிவிட்டோமே என்று இருந்தது. கடைசியில் குஞ்சைத் துண்டில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கரும்புக்குள் புகுந்து பின்பக்கமாகப் போனேன். அந்த அம்மாள் என்னைக் கொம்பேர் என்றுதான் கூப்பிடுவார். சிநேகிதருக்கு அவர்கள் சொல்லும் சொல் அது.

"என்ன கொம்பேர், பிணத்தை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டு வருகிறாய்?"

துண்டை விலக்கினேன். சிரிப்பு நின்றது. மோந்து பார்த்தார். "எண்ணெய்! உங்கள் ஆட்கள் தலைக்கும் எண்ணெய், சாமிக்கும் எண்ணெய், தொர்த்திக்குமா? சரி, எங்கே வைத்திருக்கிறாய்?"

சொன்னேன்.

"உன் மாடுகூடக் காலையில் வெயிலுக்கு வருகிறதே, கொம்பேர்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் சொன்னதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயைத் துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தானாக உரியும் தோலை நாம் உரிக்கக் கூடாது. வெயிலில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் ஊற்றித் தினமும் அதில் விடலாம். தாடைக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. பிறகு துடைத்து உலர்ந்த மண்ணில் விட வேண்டும். ஈரம் அதற்கு நல்லது, அழுகல்தான் ஆகாது. ஓடு இறுக, கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓட்டைப் பொடி செய்து கீரையின் மேல் தூவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காலை வெயில். உச்சி வெயிலில் ஒதுங்க நிழலும் பக்கத்திலேயே வேண்டும்.

நம் வீட்டில் காலை வெயில் விழும் இடம் எது? முன் முற்றம் ஒன்றுதான். பின்னால் எல்லாம் மாமர நிழல். அது பிழைக்க வேண்டுமானால் ஊர் பார்க்க முன்னால் வைக்க வேண்டும். வைத்தேன், அரை மனதாக. யாராவது பாதையில் வந்தால் முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வேன். சின்ன அக்கா கணவாய் ஓட்டை அம்மியில் இடித்துத் தூவுவாள். குஞ்சு மெல்லக் கழுத்தை நீட்டத் தொடங்கியது. ஓடு மட்டும் இன்னும் இறுகவில்லை.

பெண் பார்க்க அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மாட்டு வண்டிச் சத்தம் கேட்டதும் கையில் அகப்பட்ட கூடையை எடுத்துக் குஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டேன். சின்ன அக்கா என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பையனின் மாமா பேச்சுக்காரர். கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏங்க, உங்க ஊர்ல கூடைக்கெல்லாம் கால் இருக்கா?"

கூடை நகர்ந்துகொண்டிருந்தது. ஓரம் சற்றுத் தூக்கியிருந்த பக்கமாக, வெயிலைத் தேடி, அந்த இத்தனூண்டு குஞ்சு கூடையையே தள்ளிக்கொண்டு போயிற்று.

"கோழிக்குஞ்சு" என்றேன்.

அப்போது பெரிய அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். தட்டைப் பையனின் அத்தை கையிலேயே கொடுத்துவிட்டுக் குனிந்து கூடையை எடுத்தாள். "வெயில் போயிடும்ப்பா" என்றாள். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிறாற்போல, "எனக்காகன்னு இதை மூடாதீங்க" என்றாள்.

அத்தை நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மாமா கொஞ்ச நேரம் ஆமையையும், பிறகு என்னையும் பார்த்தார். "கோழிக்குஞ்சுக்கு நல்ல ஓடு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தேநீரைக் குடித்தார்கள், மரியாதையாகவே போனார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து பேச்சு வரவில்லை. காரணம் ஆமையா, என் பொய்யா, எனக்குத் தெரியாது. பெரிய அக்காவை நான் கேட்டதில்லை. அவள் வேறு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

குஞ்சு அன்றைக்கு மத்தியானம்வரை முற்றத்திலேயே கிடந்தது. அதன்பின் நான் எதையும் மூடவில்லை. ஓடு இறுக வெகுநாள் ஆயிற்று. இப்போது பெரிதாகி நீங்கள் ஏறி உட்காருகிறீர்களே, அந்த ஆமையின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கிறது அல்லவா? இளசாக இருந்தபோது நான் பெருவிரல் வைத்த இடம் அது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். நான் வேட்டி முனையால் ஒற்றி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் குஞ்சை நாளைக் காலையில் முன் முற்றத்தில் விடுங்கள். யார் வந்தாலும் இருக்கட்டும்.