ஒரு ஜன்னல் பாக்கி

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னால் எங்கள் தெருவில் எல்லோரும் கூரைக்குக் கயிறு தேடி ஓடுவார்கள். ஐஸக்கா மட்டும் தலையைச் சீவிக்கொண்டு, நல்ல உடுப்பாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வாள். நான் எதிர்வீட்டுக்காரி. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

படகுத்துறையை ஒட்டியிருக்கிற ஐஸ் ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. கட்டி ஐஸை மெஷினில் தள்ளி உடைத்து, சரிவுக் குழாய் வழியாகப் படகுப் பெட்டிக்குள் விழ வைக்க வேண்டும். அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் அவளுடைய இடது காது எப்போதோ போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனி ஆள். ஐஸ் ஃபேக்டரியில் இத்தனை வருஷம் இருந்தும் யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஒரே பிறவி என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதுவும் உண்மைதான். மேனேஜரே வந்து பேசினாலும் ‘ஆமா’, ‘இல்ல’ என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து மூன்றாவது வார்த்தை வராது. வேலை முடிந்தால் வீடு, வீட்டுக்குள் போனால் கதவு சாத்தல். ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கப் போனால்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டு, கழுவிய கிண்ணத்தை மறுநாள் என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்று நானே பல தடவை திட்டியிருக்கிறேன்.

ஆனால் கடலில் எங்கேயாவது ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், ஆள் மாறிவிடுவாள். அவள் வீட்டில் ஒரு பழைய இரும்பு பீரோ உண்டு. அதன் கதவில் கரையையும் கடலையும் பெயிண்டால் வரைந்து வைத்திருக்கிறாள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றுதான் புயல். ரேடியோவில் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்லச் சொல்ல அந்தக் காந்தத்தை நகர்த்திக்கொண்டே வருவாள். பீரோவைத் திறந்து துணி எடுக்கவேண்டும் என்றால்கூடப் புயல் நகர்ந்துவிடாமல் பூப்போலத் திறப்பாள். தெரு முழுக்க அவளிடம்தான் வந்து கேட்கும். அவள் சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை, திரும்பிப் போயிடும் என்றாள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுத் தகரக் கூரை பறந்து போய் ஸ்கூல் மைதானத்தில் கிடந்தது. அதற்காக ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததையே அவள் கவனிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயம்தான் என்னைப் பைத்தியம் பிடிக்க வைக்கும். புயலுக்கு முன்னால் எல்லோரையும் போல அவளும் ஒவ்வொன்றாகச் செய்வாள். கூரைக்குக் கயிறு கட்டுவாள், குடத்தில் தண்ணீர் பிடிப்பாள், கதவுக்குக் குறுக்குக் கட்டை போடுவாள். எல்லா ஜன்னலையும் சாத்துவாள், ஒன்றைத் தவிர. எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிற அந்தச் சின்ன அறையின் ஜன்னல் மட்டும் காற்றில் டமார் டமார் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

“அக்கா, அந்த ஜன்னல சாத்தித் தொலையேன். சத்தம் தாங்கல” என்று இங்கிருந்தே கத்துவேன்.

“சாத்துவேன்” என்பாள். அவ்வளவுதான்.

நம்மால் என்ன செய்ய முடியும், தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பிறகு எப்போதோ அது சாத்தியிருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால் பதில் வராது. சரியான கல்லுளிமங்கி.

இந்தத் தடவை வந்தது சாதாரணப் புயல் இல்லை. வாயில் நுழையாத பேர் ஒன்றை வைத்திருந்தார்கள். படகுகளையெல்லாம் கரையேற்றிவிட்டார்கள். ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக் வால்வுகளை மூடிவிட்டு, மிச்சம் இருந்த கட்டி ஐஸை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே போட்டுவிட்டார். கடல் தெருவுக்குள் வரும், சாயங்காலத்துக்குள் எல்லோரும் மேட்டிலிருக்கிற காலேஜ் கட்டடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஜீப்பில் மைக் வைத்து நாள் முழுக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். காலையிலிருந்து தெருவையே அள்ளி ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் தெரு காலியாகிவிட்டது. மாலையில் கடைசி நடை. நானும் மூட்டை முடிச்சும் ஏறினோம். ஐஸக்கா வரவில்லை.

“போய்க் கூப்பிட்டுட்டு வா. நான் லாரியத் திருப்பி நிறுத்துறேன்” என்றார்.

போனேன். கதவு திறந்திருந்தது. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, பழைய லேண்ட்லைன் போன் இருக்கிற ஸ்டூலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பீரோவில் காந்தம் கரையைத் தொட இன்னும் இரண்டு விரல்தான் இருந்தது. அந்தச் சின்ன அறை ஜன்னல் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது.

“என்னக்கா, சமாதியா? கெளம்பு.”

“நீ போ. நான் அப்புறம் வரேன்.”

“அப்புறம்னா எதுல வருவே, நீந்தியா? இதான் கடைசி வண்டி.”

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போன் வரணும்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கு யாரு போன் பண்றா? உன் செல்லுதான் பைல இருக்கே. அங்க வந்து பேசு.”

“அந்த நம்பர் அவளுக்குத் தெரியாது. இது ஒண்ணுதான் தெரியும். அவ நம்பர் எனக்குத் தெரியாது.”

“எவ?”

“தங்கச்சி.”

அவளுக்குத் தங்கச்சி ஒருத்தி உண்டு என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி உள்நாட்டுப் பக்கம் எங்கேயோ போனவள், அம்மா இறந்த சமயத்தில் ஏதோ சண்டை, அதோடு உறவு விட்டுப்போயிற்று. அதற்கு மேல் தெரியாது. அன்றைக்குத்தான், வெளியே லாரி ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அம்மா இறந்ததும் ஒரு புயலுக்கு அடுத்த நாட்களில்தான். ரோடெல்லாம் தண்ணீர். தங்கச்சி வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வந்தவள் வாசலில் நின்று, “ஐஸ் ஃபேக்டரில வேலை பாக்குறே. அம்மாவ எனக்காக ஒரு நாள் வச்சிருக்க ஒரு கட்டி ஐஸ் கெடைக்கலையா உனக்கு?” என்று கேட்டாள்.

“கரண்ட் போயி நாலு நாள் ஆச்சு. ஃபேக்டரில தொட்டி தொட்டியா வெறும் தண்ணி” என்றாள் ஐஸக்கா என்னிடம். “இருந்த கடைசி ஐஸ் வரைக்கும் அம்மாவச் சுத்தி வச்சேன். அதுவும் கரைஞ்சுபோச்சு. அதச் சொல்லியிருக்கலாம். என்னப் பாத்து எப்படி அப்படிக் கேக்கலாம்னு வீம்பு. வாயத் தொறக்கல. அவ திரும்பிப் போயிட்டா.”

அதற்கு அடுத்த புயலில் போன் அடித்திருக்கிறது. எடுத்தால், நலமா என்றுகூடக் கேட்காமல், “கதவெல்லாம் சாத்தியாச்சா?” என்றாளாம் தங்கச்சி. அது அவர்கள் அம்மா படுக்கையிலிருந்து எப்போதும் கேட்கிற கேள்வி. ஐஸக்கா சுற்றிப் பார்த்திருக்கிறாள். உண்மையாகவே அந்தச் சின்ன அறை ஜன்னலைச் சாத்த மறந்திருந்தாள். “ஒரு ஜன்னல் பாக்கி” என்றிருக்கிறாள். “போய்ச் சாத்திட்டு வா” என்று தங்கச்சி அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். இவள் சாத்திவிட்டு வந்து “சாத்திட்டேன்” என்றதும் வைத்துவிட்டாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு புயலுக்கும் கூப்பிடுவா. நானும் அந்த ஜன்னல விட்டு வப்பேன். விட்டு வச்சா, போயிச் சாத்திட்டு வர்ற வரைக்கும் லைன்ல இருப்பா இல்ல. மெதுவாத்தான் போவேன்.”

ஜன்னலுக்காக நான் போட்ட கூச்சலெல்லாம் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ரேடியோல புயலுக்குப் பேர் சொன்ன அன்னிக்கே கூப்பிட்டுடுவா. இந்தத் தடவை ரெண்டு நாளாச்சு, இன்னும் கூப்பிடல. போன தடவை பேசறப்ப இருமினா. என்னடி இருமல்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. இந்தத் தடவை கேட்டுடணும். ஐஸ் விஷயத்தையும் சொல்லிடணும். சொல்லாம நான் இந்த வீட்ட விட்டு வரமாட்டேன். நீ போ.”

“லைன் எந்த நேரமும் அறுந்துடும். அறுந்தா அடுத்த புயலுக்குச் சொல்லேன்க்கா.”

“அடுத்த புயலுக்கு நான் இருக்கணும், அவ இருக்கணும்.”

இப்படிப் பேசுகிறவளை என்ன செய்வது? கையைப் பிடித்து இழுத்தேன். ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி இரும்பாகிப்போன கை, அசையவில்லை. வெளியே என் வீட்டுக்காரர், “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள கடலே வந்து பக்கத்துல உக்காந்துக்கும்” என்று கத்தினார். அது விளையாட்டுப் பேச்சில்லை. தெருக்கோடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவளை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை, பயத்தில் நிற்கவும் முடியவில்லை.

அப்போது போன் அடித்தது.

இடது காது போய் வலது காதும் மந்தமாகிவிட்டதால் அவள் எப்போதும் ஸ்பீக்கர் பட்டனைத்தான் அமுக்குவாள். அமுக்கினாள். அந்தப் பக்கம் கேள்வி வருவதற்குள் இவளே முந்திக்கொண்டாள்.

“ஏய், அன்னிக்குக் கரண்ட் இல்லடி. இருந்த ஐஸ் எல்லாத்தையும் அம்மாவுக்குத்தான் வச்சேன். கரைஞ்சுபோச்சு. சொல்லாம விட்டுட்டேன். உனக்கு இருமல் எப்படி இருக்கு?”

லைனில் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது.

“பெரியம்மாவா பேசறது?” என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

ஐஸக்கா என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். “நீ யாரும்மா?”

“நான் அவங்க பொண்ணு.”

“அம்மாகிட்டக் குடு.”

“அம்மா இல்ல பெரியம்மா.” குரல் உடைந்தது. “கோடைக்கு முன்னாடியே போயிட்டாங்க. நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். சரியாகல.”

ஐஸக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்கு ஏம்மா சொல்லல?” என்றாள். கோபமாகக்கூட இல்லை.

“புயல் வந்தா மட்டும்தான் இந்த நம்பருக்குப் பேசணும்னு சொல்லிட்டுப் போனாங்க. வேற நாள்ல பேசினா நீங்க எடுக்கமாட்டீங்களோன்னு அவங்களுக்குப் பயம். ரெண்டு நாளா போன எடுத்து எடுத்துக் கீழ வச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

ஹார்ன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலக் கேட்டாள்.

“கதவெல்லாம் சாத்தியாச்சா பெரியம்மா?”

ஐஸக்கா அந்தச் சின்ன அறைப் பக்கம் திரும்பினாள். “ஒரு ஜன்னல் பாக்கிம்மா.”

“போய்ச் சாத்திட்டு வாங்க. நான் இருக்கேன்.”

அவள் போனாள். உதவலாம் என்று பின்னாலேயே போனேன், கையால் விலக்கிவிட்டாள். காற்று ஜன்னல் கதவை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டாள். அந்த வீட்டில் சட்டென்று சத்தம் அடங்கியது. அப்படியே நெற்றியை ஜன்னல் கதவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள், மெதுவாக.

“இருக்கியாம்மா?”

“இருக்கேன் பெரியம்மா. தாழ்ப்பா போட்டது கேட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டு, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அக்கா வேணும்னேதான் அந்த ஜன்னல விட்டு வைக்கிறா, அவசரப்படுத்திடாதன்னாங்க.”

ஐஸக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அம்மா செத்ததற்குக்கூட அழுததில்லை. அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். திட்டிக்கொண்டே உள்ளே வந்த என் வீட்டுக்காரர், நாங்கள் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வாசற்படிக்குத் தண்ணீர் வந்திருந்தது.

அந்தப் பெண் லைனிலேயே இருந்தாள். அவள் அழுவதும் கேட்டது. ஐஸக்கா ‘சாத்திட்டேன்’ என்று சொல்வாள், அதோடு வைத்துவிடுவார்கள், நாம் கிளம்பலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எழுந்து நின்றாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கரகரப்பு அதிகமாகி, லைன் தானாகவே செத்துப்போகிற வரைக்கும் சொல்லவில்லை. பிறகு போனைத் தூக்கிப் பீரோ மேல் உயரமாக வைத்துவிட்டு, எங்களோடு வந்து லாரியில் ஏறினாள்.