மூச்சு கேட்காத மைக்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எந்த வாத்தியத்துக்கு எந்த மைக் என்று கண்டியில் பெரிய படிப்பாளிகளே என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

தமிழருக்கு எதிரான கலவர நாட்களில், ஊரடங்கைச் சற்று நேரம் தளர்த்தியிருந்தபோது, மஹய்யாவவில் இருந்த என் ஒலிப்பதிவுக் கடைக்கு யாழ்ப்பாணத்துச் சங்கீத வாத்தியார் ஒருவர் வீணையோடு வந்தார். ஒல்லியான நெடிய மனிதர். தான் சுகமாக இருப்பதாக ஊரிலுள்ள தாய் நம்புவதற்கு, தன் வாசிப்பைப் பதிந்து ஒரு கசட் அனுப்ப வேண்டுமாம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிவிடுவார்.

இரண்டு மைக்கில் கொஞ்சம் கொஞ்சம் பதிந்து போட்டுக் காட்டினேன். ஒன்று கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கும் சாதாரண மைக். மற்றது கொழும்பில் தேடி வாங்கிய உயர்ந்த சாமான். கொசு பறந்தாலும் எடுக்கும்.

“மாஸ்டர், இதுக்கு மேல ஒரு மைக் கண்டியிலயே கெடையாது. எவ்வளவு சுத்தமா கேக்குது பாத்தீங்களா!”

“ஓம், நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பயந்து மூச்சு விடுறதும் கேக்குது, ஐயா. அம்மா கண்டுபிடிச்சிடுவா. மற்றதிலயே எடுங்கோ.”

அப்படியே பதிந்து கொடுத்தேன். வீணையை அணைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

எத்தனையோ பேருக்கு மைக் தெரிவு செய்து கொடுத்தவன் நான். அந்தத் தாயின் காதை ஏமாற்ற அந்தச் சாதாரண மைக் போதுமாக இருந்ததா என்று மட்டும் இன்னும் சொல்லத் தெரியவில்லை.