லிஃப்ட்காரர் வாயைத் திறந்த கதை

முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு லிஃப்டில் போகப் பயம் என்றால் யார் நம்புவார்கள்? அவரும் யாரிடமும் சொன்னதில்லை. பெட்டியின் கூரைமேல் ஸ்பேனரோடு நின்றபடி எட்டு மாடி போவார், வருவார், அது வேலை. உள்ளே நின்று, கதவு மூடிக்கொண்டு, வேறு எவனோ முடுக்கிய திருகை நம்பி மேலே போவதுதான் ஆகாது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் படியேறிவிடுவார். கேட்டால், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்பார். உண்மையில் டாக்டர் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காத ஆள் அவர்.

அதனால் கழுத்தில் கட்டி வந்தபோது வைத்தியமும் அவரே பார்த்துக்கொண்டார். முகம் மழிக்கும்போது வலது தாடைக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி கையில் தட்டுப்பட்டது. இத்தனை வருடம் அண்ணாந்தே வேலை பார்த்தால் நரம்பு சுருட்டிக்கொள்ளாதா என்று தைலம் தேய்த்தார். பிறகு வலது காது குத்தியது, பஞ்சு வைத்தார். பிறகு விழுங்கும்போது முள் மாதிரி உறுத்தியது, வெந்நீர் குடித்தார். மூன்று நோய், மூன்று வைத்தியம். மூன்றும் ஒரே ஆளுக்கு, ஒரே பக்கத்தில் வந்திருக்கின்றன என்பது மட்டும் அவருடைய மூளைக்கு எட்டவில்லை. இவ்வளவுக்கும் போகிற கட்டடமெல்லாம், சின்னச் சத்தம் வந்தாலும் உடனே கூப்பிடுங்கள், தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள் என்று உபதேசம் செய்கிறவர்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு சனிக்கிழமை இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிவந்தாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது அவள் கண் கழுத்தில் போய் நின்றது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனாள். எங்கே போகிறாய் என்று இவர் இரண்டு தடவை கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இறங்குங்க."

மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் போனது. திரையில், நாக்கின் அடிவேரில் கரடுமுரடாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் டாக்டரம்மா புற்றுநோய் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசிய பத்து நிமிடத்தில் இவர் காதில் விழுந்தது ஏசி மெஷினில் ஏதோ திருகு தளர்ந்து அதிரும் சத்தம் மட்டும்தான். எழுந்துபோய் அதை முடுக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

மற்றதெல்லாம் மனைவி திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது. நாக்கின் அடியில் கட்டி இருக்கும் இடத்துக்குக் கை போகாது. முன்பெல்லாம் தாடையைப் பிளந்துதான் எடுப்பார்கள். இப்போது ரோபோவின் ஒல்லிக் கைகள் வாய் வழியாகவே உள்ளே போகும். ஒரு கையில் கேமரா, இன்னொன்றின் நுனியில் நூல் போன்ற லேசர் இழை. லேசர் அறுக்கும், அறுத்த இடத்தில் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொண்டே போகும். அதிலிருந்து பரவிய கழுத்துக் கட்டியை மட்டும் வெளியிலிருந்து கீறி எடுக்க வேண்டும்.

மெஷின் என்ற வார்த்தை வந்ததும் இவருக்கு உயிர் வந்துவிட்டது. யார் சர்வீஸ் செய்கிறார்கள், கடைசியாக எப்போது பார்த்தார்கள், கரண்ட் போனால் கை எந்த நிலையில் நிற்கும், பாதியில் மாட்டிக்கொண்டால் கையாலேயே வெளியே எடுக்க வழி உண்டா என்று அடுக்கினார். டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மெஷின் தானாக எதுவும் செய்யாது, தன் விரல் அசைந்தால்தான் அது அசையும் என்றார். கடைசியில், பயப்பட ஒன்றுமில்லை என்றார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இவர் சொல்லும் அதே வாக்கியம், அதே குரல். கேட்கிறவனுக்கு அது எவ்வளவு பிரயோஜனமில்லாத வாக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரில் உட்கார்ந்ததும் மனைவி சொன்னாள்: "இருபத்தாறு வருஷமா நீங்க படியில ஏறுறது எனக்குத் தெரியும். இதுக்குப் படி கிடையாதுங்க."

மறுநாள் இவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சையன்று காலையில் ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டுக்குள்தான் தள்ளினார்கள். கதவு மூடும்போது கரகரவென்று சத்தம். ரோலர் தேய்ந்துவிட்டது, யாரிடமாவது சொல்லுங்கள் என்று நர்ஸிடம் மன்றாடினார். மயக்க மருந்து கொடுத்துவிட்டார்களா என்று நர்ஸ் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அறைக்குள் ரோபோ பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, மழைக்கு மூடிவைத்த கிரேன் மாதிரி நின்றது. டாக்டரம்மா மூலையில் ரோபோவை இயக்கும் பெட்டிக்குள் முகத்தை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெடல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா என் பக்கம்கூடத் திரும்பவில்லையே என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது மூக்கில் சாப்பாட்டுக் குழாய், கழுத்தில் தையல், வாய்க்குள் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். ஒரு வாரம் பேசக் கூடாது என்றுவிட்டார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனுஷனுக்கு நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். முதல் நாள் எழுதியதெல்லாம் புகார்தான்: கட்டில் சக்கரம் ஆடுகிறது, ஃபேன் ஒரு பக்கம் சாய்கிறது. நான்காம் நாள் காலையில் 'பயமாக இருக்கிறது' என்று எழுதி மனைவியிடம் நீட்டினார். அவளுக்குப் பேசத் தடை எதுவும் இல்லை. இருந்தும் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே 'எனக்கும்' என்று எழுதினாள்.

அப்புறம் விழுங்கும் பயிற்சி. ஐம்பத்து மூன்று வயதில், தண்ணீர் எப்படிக் குடிப்பது என்று ஒரு சின்னப் பெண் சொல்லிக்கொடுத்தாள். மோவாயைத் தாழ்த்து, மூச்சைப் பிடி, விழுங்கு, இருமு. முதல் ஸ்பூன் மூக்கு வழியாக அந்தப் பெண்ணின் கோட்டுமேல் போய்ச் சேர்ந்தது. பதினோராவது ஸ்பூன் போக வேண்டிய இடத்துக்குப் போனபோது, பெரிய சாதனை செய்தவர் போல நர்ஸ்களையெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

எடுத்த இடத்தின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. கழுத்துக்குப் பரவியிருந்ததற்காக மட்டும் ஆறு வாரம் கதிர்வீச்சு. அதில் ருசி போனது, எச்சில் வற்றியது, பதினான்கு கிலோ குறைந்தது. பழைய பேன்ட்டைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரருடையதைத் தெரியாமல் எடுத்துவந்தது போல இருந்தது.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குப் போனார். உயரத்தில் ஏற வேண்டாம், உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்று கம்பெனியில் கருணை காட்டினார்கள். என்ன வேலை? லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பிடும் போனை எடுத்துப் பேசுவது. 'க' என்ற எழுத்தே சரியாக வராத ஆளுக்கு.

முதல் வாரமே ஒரு பெண்மணி நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழைத்தார். கவலைப்படாதீர்கள், கதவுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள் என்று இவர் சொன்னார்.

"சார், குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. நாக்குல ஆபரேஷன். ரோபோ செஞ்சுது."

"ரோபோவா?"

பயப்பட ஒன்றுமில்லை என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. இவர் அதை விழுங்கிவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டு நிற்பது தனக்கும் பயம்தான் என்றார். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஓர் அந்நியரிடம் சொன்னார். பிறகு தைலம் தேய்த்தது, காதில் பஞ்சு வைத்தது, நர்ஸிடம் ரோலரைப் பற்றி மன்றாடியது எல்லாவற்றையும் விழுங்கி விழுங்கிச் சொன்னார். புரியாத வார்த்தையை அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். இவர் திருப்பிச் சொன்னார். தண்ணீர் மூக்கு வழியாக வந்த இடத்தில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இருபது நிமிடத்தில் ஆட்கள் போய்க் கதவைத் திறந்தார்கள். அந்தப் பெண்மணி வெளியே வராமல், ஒரு நிமிடம் இருங்கள் என்று அவர்களிடம் கைகாட்டிவிட்டு, போனில் கேட்டார்:

"அப்புறம் என்ன ஆச்சு, சார்?"