கம்பி இறங்கும் கோடை

மின்கோபுரப் பாதையில் ரோந்து போகிறவனைப் பார்த்தால், கரண்ட் எப்போது வரும் என்று கேட்காத ஆள் கிடையாது. என் தலைக்கு மேலே போகிற மின்சாரம் கேட்கிறவர் ஊருக்கானதே இல்லை. தெற்கே காற்றாலையிலும் சோலார் தகட்டிலும் பிறந்து வடக்கே போவது. கோடையில் வெளியே அலைகிற பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் பாடு புரியும்.

உச்சி வெயில் ரோந்து

முன்பெல்லாம் வெயில் ஏறுவதற்குள் ரோந்தை முடித்துவிடுவோம். இப்போது உச்சி வெயிலில்தான் போகச் சொல்கிறார்கள். சோலார் மின்சாரம் அதிகம் ஓடுகிற நேரம் அது. மின்சாரம் ஓடுகிற சூடும் வெயிலும் சேர்ந்து கம்பி நீண்டு தொய்ந்துவிடும். வருஷா வருஷம் வெயில் கூடக் கூட, தொய்வும் கூடுகிறது. அரிமளம் பக்கம் வாழை போட்டிருக்கும் சின்னையா, நான் ஒரு கையில் குடையும் மறுகையில் கருவியுமாகக் கம்பியின் உயரத்தை அளப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எங்க வாழைதான் வெயில்ல தொவளுதுன்னு பாத்தேன். ஒங்க கம்பியுமாங்க?"

தேங்காய் எழுந்த இடம்

சில நாளில் அவருடைய போர் கிணறு வற்றிவிட்டது. குலை தள்ளி நிற்கிற வாழை. தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் போச்சு. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்திருக்கிறார். தேங்காய் எழுந்து நின்ற இடம், சரியாக என் கம்பிக்குக் கீழே.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே சூடம் காட்டியாயிற்று, போர் லாரியும் வந்து நிற்கிறது. துளைபோடும் அந்த நெட்டைக் கம்பத்தை நிமிர்த்தினால், அது மின்கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே லாரியில் இருப்பவர்கள் கருகிவிடுவார்கள். கையை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றேன். கம்பத்தை நிமிர்த்தாதீர்கள் என்று கத்தினேன். சின்னையா கெஞ்சினார்:

"ஒரு மணி நேரம் கரண்ட நிறுத்துங்களேன், தண்ணியப் பாத்துட்டு விட்டுருவோம்."

தள்ளிப் போட்ட போர்

நிறுத்துவது என் கையில் இல்லை. நாடே புழுங்கும்போது வேறு யாரும் நிறுத்தவும் மாட்டார்கள். பேசிப் பேசி, லாரியைத் தோட்டத்தின் தெற்கு மூலைக்கு நகர்த்த வைத்தேன். அங்கே தேங்காய் அசையாமல் படுத்தே கிடந்தது. வேறு வழியில்லாமல் போட்டார்கள். முதலில் புழுதி, பிறகு சேறு, கடைசியில் கொஞ்சம் தண்ணீர். பாதி வாழைக்குத்தான் காணும்.

உயிர்ச்சேதம் தப்பியது நிம்மதிதான். ஆனாலும் மீதி வாழையைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சின்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வருஷத்துக்கு வருஷம் ஒங்க கம்பியும் எறங்குது, எந் தண்ணியும் எறங்குது. நாம ரெண்டு பேரும் யாருகிட்டங்க போயிச் சண்ட போடுறது?"

இப்போதும் அந்த வழியாகப் போனால் முதலில் அவர் வாழையைப் பார்க்கிறேன், சம்பளம் தருகிற கம்பியை அப்புறம்தான் பார்க்கிறேன்.