சுவரில் தங்காத கடிகாரம்

ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்தால் கூலி வரும். நேரத்தை அளக்கிற கருவி செய்தால் புத்திமதிதான் வரும். சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையாட்டிவிடுவீர்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். காரைக்கால் தலத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வேலை இல்லாத நேரத்தில் கடிகாரம் செய்வேன். முள்ளும் பல்சக்கரமும் இல்லாத, சிவப்பு எண் எரிகிற கடிகாரம். என் மகளின் காதுகுத்துப் பந்தியில், என் மனைவியின் அண்ணன், மின்சார ஆபீஸ் கிளார்க், சாப்பிட உட்கார்ந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "எங்க மாப்ள செய்யிறது எதுவும் செவத்துல தங்காது. மேசையில பிரிஞ்சுதான் கெடக்கும்." யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். என் கடிகாரம் ஒன்று ஊர் பார்க்க ஒரு சுவரில் இருந்தே தீரவேண்டும் என்ற வீம்பு அன்றைக்குப் பிடித்தது.

மரைக்காயர் தவறவிட்ட தொழுகை

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர், கேட்டவுடன் கல்லாவுக்கு மேலே இடம் கொடுத்தார். வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கும். அதை எண்ணித்தான் என் கடிகாரம் ஓடியது. ஐம்பது துடிப்பு முடிந்தால் ஒரு நொடி. மழைக்காலம் முழுக்க ரேடியோ நேரத்தோடு ஒட்டியே வந்தது.

கோடை பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மரைக்காயர் என் கடிகாரத்தைப் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டு நிதானமாகப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி அவரே எடுத்து வந்தார். கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். "நான் உள்ள போறேன், எல்லாரும் ஜும்ஆ தொழுதுட்டு வெளிய வர்றாஹ தம்பி. பழைய சாவிக் கடியாரத்தையே மாட்டிக்கிட்டேன். இது வெளிச்சம் நல்லாத் தருது, வீட்டுல வெளக்கா வச்சுக்கிடுங்க."

மெதுவாக வந்த கரண்ட்

பிழை கடிகாரத்தில் இல்லை, கரண்டில்தான் என்று எனக்குப் பட்டது. அதைக் காட்டித் தீரவேண்டும் என்று, துடிப்பை எண்ணும் கருவி ஒன்று கட்டினேன். சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வயர்லெஸ் செட்டுக்குள் இருந்த கிரிஸ்டல்தான் அதற்கு அளவுகோல். அது எப்போதும் ஒரே வேகத்தில் துடிக்கும். கட்டி முடிப்பதற்குள் அடுத்த கோடையே வந்துவிட்டது. கருவியில் எண் எரிந்தது: நாற்பத்தெட்டரை. வயல்களில் பம்புசெட்டெல்லாம் சேர்ந்து இழுக்க, கரண்டே தளர்ந்து நடந்துகொண்டிருந்தது.

கருவியைச் சுமந்துகொண்டு மச்சானின் மின்சார ஆபீசுக்கே போனேன். என்ஜினியர் எட்டிப் பார்த்தார். "ஆமாங்க, கோடையில அப்படித்தான் எறங்கும். எங்க மீட்டர்லயும் அதான் காட்டுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஒரு வருஷம் உட்கார்ந்து கண்டுபிடித்தது அவருக்கு அன்றாடச் சங்கதி. மச்சான் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப சரி மாப்ள. கரண்டு லேட்டு, அதனால கடியாரம் லேட்டு. நம்ம பூவம் பஸ்ஸு ஏன் லேட்டா வருதுன்னு பாக்கவும் ஒரு மீட்டர் கட்டிருங்க."

சிங்கப்பூரிலிருந்து வந்தது

கரண்டை நம்பாத கடிகாரத்துக்குத் தனியாக ஒரு கிரிஸ்டல் வேண்டும். அளக்கிற கருவியிலிருந்து பிடுங்க மனம் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரவிருந்த மரைக்காயரின் மருமகனிடம் ஒன்று வாங்கிவரச் சொல்லியனுப்பினேன். வந்தவர் என் கையில் புத்தம்புது டிஜிட்டல் வாட்ச்சைக் கட்டிவிட்டார். நான் மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்த அத்தனையும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் அடங்கி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது வாட்ச்சைப் பிரித்துக் கிரிஸ்டலை எடுத்திருந்தேன். அரிசி மணி அளவில் ஒரு தகரக் குழாய். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நேரம் சரியாக் காட்டுனதை ஒடச்சு, நேரம் சரியாக் காட்டுற ஒண்ணு செய்யப் போறீங்களாண்ணே?"

ஒரு நொடி

அந்தக் கிரிஸ்டலின் துடிப்பை இரண்டால் வகுத்து, வகுத்ததை மறுபடி இரண்டால் வகுத்துக்கொண்டே போனால், கடைசியில் நொடிக்கு ஒரு துடிப்பு என்று வந்து நிற்கும். அது சரியான நொடியாக இருப்பதற்குத்தான் பாடு. காலைச் செய்திக்கு முன் ரேடியோவில் வரும் 'பீப்' ஒலியோடு ஒப்பிட்டு, ஒரு குட்டித் திருகை மயிரிழை திருப்பிவிட்டு மறுநாள்வரை காத்திருப்பேன். அந்நேரம் வீட்டில் பாத்திரம் உருளக் கூடாது. முடிவில் வாரத்துக்கு ஒரு நொடிகூடப் பிசகவில்லை. கரண்ட் போனாலும் ஓட, உள்ளே பேட்டரி வைத்தேன். வேறு யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னேன். "அந்த ஒரு நொடியில கொழாயில ரெண்டு கொடம் தண்ணி கூட வருமாங்க?"

தங்கியது

மறுபடி மரைக்காயரிடம் போய் நின்றேன். முகம் கொடுக்கத் தெரிந்த மனிதர், கல்லாவுக்கு மேலிருந்த ஆணியைக் காட்டினார். தினமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் பத்து நிமிஷம் முந்திக் காட்டியது. உள்ளே ஓடினேன். கிரிஸ்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரைக்காயரே பின்னால் இருந்த பட்டனை அமுக்கி நேரத்தைக் கூட்டியிருந்தார். நான் சரியாக்கிவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி பத்து நிமிஷம் முந்தி. "இதை நம்பி ஒரு ஜும்ஆ போச்சு தம்பி. கூட்டி வச்சாத்தான் எனக்கு மனசு நிம்மதி."

பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி குறைத்தால் ஆணியும் போய்விடும். தீபாவளிக்குத் துணி எடுக்க மச்சான் அதே கடைக்கு வந்தார். நானும் கூட நின்றேன். அவர் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டார். "தங்கிருச்சே மாப்ள. தப்பாக் காட்டுனாலும் தங்கிருச்சு."

வாரத்துக்கு ஒரு நொடிகூடப் பிசகாமல் பத்து நிமிஷம் தப்பாக ஓடுகிற கடிகாரம் காரைக்காலில் என்னுடையது ஒன்றுதான்.