சிறப்பு விருந்தினர் வரும்வரை

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை கூட்டம் எழுந்து போகாமல் பேசிப் பிடித்து வைப்பதுதான் என் தொழில். சின்ன வயதில் வாயாடி என்று பேர் வாங்கிய சக பாவிகளே, நமக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது.

பெஞ்சு மாற்றம்

மட்டாஞ்சேரியில் மூன்றாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளெல்லாம் என்னால் திட்டு வாங்கினார்கள். வாயே திறக்காத ஒரு பெண்ணாகப் பார்த்து டீச்சர் என்னை அவள் பக்கத்தில் மாற்றினார். ஒரே வாரத்தில் அவளும் பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நின்றாள். அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து நன்றி சொன்னார். என் அம்மா மட்டும் தினமும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னாள்: “வாய மூடி மிண்டாம உக்காருடீ!”

இஞ்சியின் கப்பல் பயணம்

சுள்ளிக்கல்லில் ஒரு மசாலாக் கடை திறப்பு. விருந்தினர் தேவராவில் நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் வராமல் விளக்கு ஏற்றக் கூடாது, விளக்கு ஏற்றாமல் யாருக்கும் சாயா கிடையாது. பத்து நிமிஷம் சமாளிக்கச் சொன்னார் கடைக்காரர்.

ஒரு துண்டு இஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினேன். இஞ்சிக்கு ஒரு காதல் வைத்தேன். சுக்கை மாமியாராக்கினேன். இஞ்சியைக் கப்பலேற்றி நடுக்கடலில் புயலில் விட்டேன். அந்த நேரம் பார்த்து விருந்தினர் மேடையேற, முன்வரிசையில் ஒரு சேட்டன் எழுந்து அவரைத் தடுத்தார்: “சாரே, ஒரு அஞ்சு மினிட்டு இருங்க. கப்பல் கரை சேரட்டும்!”

நோட்டீஸ்

இவ்வளவு பேசியும் ஒரு விழா நோட்டீஸில்கூட என் பேர் வந்ததில்லை. உள்ளுக்குள் எரிந்தது. ஒருநாள் ஒரு விழாக்குழுச் செயலாளரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: “பேரு போட்டா சேச்சியும் விருந்தினர் ஆயிடுவீங்க. அப்புறம் நேரத்துக்கு வர மாட்டீங்க.”

ஃப்ளெக்ஸில் என் முகம்

கடைசியில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவுக்கு என்னையே சிறப்புப் பேச்சாளராக அழைத்தார்கள். தெருமுனை ஃப்ளெக்ஸில் என் முகம்! அம்மா ஒருநாளும் என் மேடைப் பேச்சைக் கேட்டதில்லை. இன்றைக்காவது கேட்கட்டும் என்று அவளை முன்னதாகவே அனுப்பி முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தேன்.

திருப்பூணித்துறையில் இன்னொரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்தால், தோப்பும்படிப் பாலத்தில் ஒரு லாரி பஞ்சராகி நிற்கிறது. ஒரு மணி நேரம் தாமதம். வேர்த்து விறுவிறுத்து ஓடிப் போனேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மேடையில் அம்மா! சமாளிக்க ஆள் கிடைக்காமல் அவள் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக என் பள்ளிக்கூட வண்டவாளங்களை வரிசையாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. படியில் கால் வைத்தேன். அம்மா மைக்கிலேயே சொன்னாள்: “வாய மூடி மிண்டாம உக்காருடீ! நான் இப்பத்தான் நாலாங் கிளாசுக்கு வந்திருக்கேன்.”

வாயை வைத்துப் பிழைக்கிறவள் நான்தான் என்றாலும், அந்த வாய் எங்கிருந்து வந்தது என்பதை அம்மா என் ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே நின்று காட்டிவிட்டாள்.