ஊட்டுக்கா, ஊட்டிக்கா?

எங்கள் அலுவலகம் ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. நாலு பேர். சொந்த விஷயங்களைப் பேசியே பதிந்துவைத்து, வேண்டும்போது கேட்டு எடுத்துக்கொள்ளும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தேடல் பகுதி என் பொறுப்பு. தேடிக் கிடைக்காவிட்டால் அந்த விஷயமே இல்லை என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்ற பயம் எனக்குச் சாப்பிடும்போதுகூட இருக்கும். அதனால் சொல் கொஞ்சம் பிசகியிருந்தாலும் அகராதியில் உள்ள பக்கத்துச் சொல்லாக அதுவே திருத்திக்கொண்டு, கிடைத்ததை வாசித்துக் காட்டும்படி செய்திருந்தேன்.

வாசித்துக் காட்டுவது அம்மாவை நினைத்துச் செய்தது. அம்மா மஞ்சூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வெள்ளோட்டம் பார்க்கக் கொடுத்த சிலரில் அம்மாவும் ஒருத்தி.

அந்தப் புதன்கிழமை காலை அம்மா போனில் கூப்பிட்டாள். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவைப் பார்க்கும் கண் டாக்டர் வேலை பார்ப்பது ஊட்டி ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அன்றைக்குக் குன்னூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். இடது கண்ணை ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று அன்று மதியத்துக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து அவர் நீண்ட லீவு.

“அம்மா, டாக்டர் வீட்டுக்குத்தான வரச் சொன்னாங்க?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன் சாமி. போன் ஊட்டிக்குனு சொல்லுச்சு. நீ பண்ணுனதாச்சே, அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு பஸ் ஏறிட்டேன்.”

அவள் பதிந்தது “டாக்டர் ஊட்டுக்கு” என்று. எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். என் அகராதியில் வீடு இருந்தது, ஊடு இல்லை. கல்லூரியில் ஒருமுறை ஊடு என்று சொல்லி வகுப்பே சிரித்ததிலிருந்து நான் அந்தச் சொல்லைப் பேச்சில் விட்டிருந்தேன். அகராதி தொகுக்கும்போது அது நினைவுக்கே வரவில்லை. “ஊட்டுக்கு” என்பதற்குப் பக்கத்துச் சொல் எது என்று தேடிய செயலி, ஒரே எழுத்து மாற்றி “ஊட்டிக்கு” என்று பிடித்துக்கொண்டது.

ஓடினேன். இருவரும் குன்னூர் பஸ் ஏறினோம். அருவங்காட்டுக்கு முன்னால் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நின்றன. மூடுபனியில் முன்னால் என்ன தடை என்றும் தெரியவில்லை. அம்மா வலது கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த பொரியை எனக்கு நீட்டினாள். எனக்கு இறங்கவில்லை. டாக்டர் வீட்டுக்குப் போன் அடித்தால் எடுப்பாரில்லை. அம்மாவாவது என்னைக் கூப்பிட்டாள். வெள்ளோட்டத்தில் இருக்கும் மற்றவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள், யார் யார் எங்கே தவறி நிற்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸிலிருந்தே அலுவலகத்துக்குப் பேசி, செயலி சொல்லைத் தானே திருத்துவதை உடனே நிறுத்தச் சொன்னேன்.

நாங்கள் போனபோது டாக்டர் காரை வெளியே எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்து இறங்கி, வாசல் நாற்காலியிலேயே அம்மாவை உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம், லீவு முடிந்து வந்ததும் தேதி குறிக்க இங்கேயே வாங்க என்றார்.

மறுநாள் அலுவலகத்தில், தேடினால் பதில்தான் வரவேண்டும், கேள்வி வரக்கூடாது என்று எங்கள் முதலாளி வாதாடினார். சொல்லில் சந்தேகம் வந்தால் செயலி திரும்பக் கேட்கத்தான் வேண்டும் என்று நானும் விடவில்லை. ஒருவழியாகச் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிறு மஞ்சூருக்குப் போய், ஊடு சேர்த்த புதிய தேடலை அம்மாவிடம் கொடுத்தேன். போனை வாயருகே வைத்துக் கேட்டாள்.

“கண் டாக்டர் எங்க வரச் சொன்னாங்க?”

“ஊட்டுக்கா, ஊட்டிக்கா?” என்றது போன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒண்ண ரெண்டு தடவ கேக்குது. அப்படியே உன்னையாட்டமே.”

பிறகு, காது கேளாதவரிடம் சொல்வதுபோல் போனுக்குச் சத்தமாகச் சொன்னாள்: “ஊட்டுக்கு.”

“டாக்டர் ஊட்டுக்கு” என்று அது வாசித்து முடிக்கும்வரை நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.